பழைய பெயரை யாரும் கேட்கவில்லை

நூற்றுப் பன்னிரண்டு பெயர்களை மாற்றி முடித்த மறுநாள், காலை பதினொன்றரை மணிக்கு, சம்ரீனுக்கு உறையூர் ரத்த வங்கி ஞாபகம் வந்தது.

ஞாபகப்படுத்தியவர் மார்ட்டின். தெரியாமல்தான். ஸ்ரீரங்கம் மாம்பழச்சாலையில் ஒரு மருந்துக் கடைக்கு மேலே இரண்டு அறை, அதுதான் அலுவலகம். மார்ட்டின் வெளியீட்டு அறிவிப்பை எழுதிக்கொண்டிருந்தார்.

“எங்கெங்க ஓடுதுன்னு ஒரு வரி போடணும்மா. லேப் நாப்பத்தொண்ணு, ஸ்கூல் பதினாறு. வேற?”

“ரத்த வங்கி ஒண்ணு.”

சொன்ன பிறகு அவள் கை விசைப்பலகைமேல் அப்படியே நின்றது.

கணினிகளுக்காக அவர்கள் கட்டி அனுப்பும் லினக்ஸ் இயங்குதளத்துக்குப் ‘படித்துறை’ என்று பெயர். அதில் ஒவ்வொரு நிரலும் ஒரு பேக்கேஜாக வரும். பெயரைச் சொல்லிக் கேட்டால் வரும்; பெயர் தெரியாவிட்டால் வராது. பத்து வருஷமாக ஆளாளுக்கு இஷ்டத்துக்குப் பெயர் வைத்திருந்தார்கள். பைத்தான் மொழியில் எழுதியது என்று காட்ட ஒருவர் முன்னால் ‘பை’ போட்டார், ஒருவர் பின்னால் போட்டார், ஒருவர் போடவே இல்லை. முன்பு இருந்த நஸ்ருல்லா ஒரு பேக்கேஜுக்குத் தன் மகள் பெயரை வைத்துவிட்டுத் துபாய்க்குப் போய்விட்டார்.

இதை ஒழுங்கு செய்ய வேண்டும் என்று இரண்டு வருஷம் சண்டை போட்டவள் சம்ரீன். எட்டு விதிகள் எழுதினாள். மொழியின் பெயர் முதலில், ஒரு கோடு, பிறகு நிரலுக்குள் அதை எந்தப் பெயரால் அழைக்கிறோமோ அந்தப் பெயர். அது முதல் விதி. ஆறாவது விதி: பெயர் மாறினால், பழைய பெயரில் ஒரு காலி பேக்கேஜ் இருக்க வேண்டும். அதற்குள் ஒன்றும் இருக்காது. புதிய பெயரைக் கைகாட்டும், அவ்வளவுதான். இரண்டு வெளியீடுகள் கழித்து எடுத்துவிடலாம்.

போன வாரம் மார்ட்டின் ஒரு கேள்வி கேட்டார்.

“மாத்தின பேர்ல இந்த முப்பத்தொம்பதையும் வேற எந்த பேக்கேஜும் கேக்கல. யாரும் கேக்காத பேருக்கு எதுக்கும்மா காலி டப்பா?”

எதை எது கேட்கிறது என்று காட்டும் பட்டியலை அவள் பார்த்தாள். முப்பத்தொன்பதுக்கும் எதிரே, கேட்பவர்: பூஜ்யம். சரி என்று அந்தக் காலி பேக்கேஜ்களை அவளே எடுத்துவிட்டாள். விதியை எழுதியவளே.

பேக்கேஜ் பட்டியலில் இல்லாத பெயர் கணினியிலும் இருக்கக் கூடாது என்பது படித்துறையின் வழக்கம். தினமும் மதியம் ஒரு மணிக்கு, சாப்பாட்டு நேரத்தில், ஒவ்வொரு கணினியும் தானாகப் புதுப்பித்துக்கொள்ளும். இல்லாத பெயரைத் துடைத்துவிடும்.

அந்த முப்பத்தொன்பதில் ஒன்று ‘ரெண்டும்சரி’. இருபத்திரண்டு வயதில் உறையூர் ரத்த வங்கிக்காக அவள் எழுதியது.

ரத்ததான முகாமில், கொடுப்பவரின் ரத்தத்தை ஸ்லைடில் வைத்துக் குரூப் பார்ப்பார்கள். அதைக் கணினியில் கையால் அடிப்பார்கள். ரத்த வங்கிக்கு வந்ததும் அங்கே உள்ள சோதனை மெஷின் அதே ரத்தத்தின் தெளிநீரான சீரத்தை வைத்துத் தனியாக ஒரு குரூப் சொல்லும். இரண்டும் ஒத்துப்போனால்தான் பைக்கு லேபிள் அச்சாகும். ஒத்துப்போகிறதா என்று பார்ப்பதுதான் ‘ரெண்டும்சரி’யின் ஒரே வேலை. லேபிள் அடிக்கும் நிரலையும் அவள்தான் எழுதினாள். அதைப் பேக்கேஜாகக் கட்டவில்லை. ரத்த வங்கியின் அந்த ஒரு கணினியில் கையால் வைத்துவிட்டு வந்தாள். அதனால் அது எதைக் கேட்கிறது என்று எந்தப் பட்டியலுக்கும் தெரியாது.

அந்த லேபிள் நிரலில் ஒரு வரி இருந்தது. சரிபார்ப்பு கிடைக்கவில்லை என்றால், கண்டுகொள்ளாமல் அச்சிடு. சோதனை ஓட்டத்தில் அடிக்கடி நின்று போனதால், வேலை செய்கிறவர்கள் திட்டியதால், தற்காலிகமாகப் போட்ட வரி. ஏழு வருஷமாக அது அங்கேயே இருந்தது.

“நேத்து ஒரு மணிக்குப் போயிருக்கும்,” என்றாள்.

“எது?”

சொன்னாள். மார்ட்டின் கண்ணாடியைக் கழற்றி மேஜையில் வைத்தார்.

“சரி. பழைய பேர்ல காலி பேக்கேஜை இப்பவே ஏத்திடறேன். இன்னைக்கு ஒரு மணிக்கு அதுவே இழுத்துக்கும். முடிஞ்சுது.”

“நேத்து ஒரு மணியிலேருந்து இன்னைக்கு ஒரு மணி வரைக்கும் அடிச்ச லேபிள்?”

“ஏழு வருஷத்துல எத்தனை தடவை ஒத்துப்போகாம நின்னுருக்கு?”

“இருபத்தெட்டு.”

“அப்ப வருஷத்துக்கு நாலு. ஒரு நாள்ல என்ன ஆயிடப் போகுது?”

“நேத்து அவங்களுக்கு முகாம், அண்ணா. காலேஜ்ல.”

மார்ட்டின் குரலைத் தாழ்த்தினார். அறையில் வேறு யாரும் இல்லை.

“வெள்ளிக்கிழமை சென்னையிலேருந்து ஆள் வராங்க. அறுபது ஆஸ்பத்திரிக்கு நம்ம சிஸ்டத்தைப் போடலாமான்னு பாக்க. இன்னைக்கு நாமளே போய், நாங்க இப்படிப் பண்ணிட்டோம்னு சொன்னா, யாரு வருவா? சரி பண்ணிட்டு அப்புறம் மெதுவா சொல்லலாமே.”

சம்ரீன் ரத்த வங்கியின் லேண்ட்லைனுக்கு அடித்தாள். பிஸி. மறுபடி அடித்தாள். பிஸி. அங்கே பொறுப்பில் இருக்கும் டோரதியின் செல்லுக்கு அடித்தாள். அணைத்து வைத்திருந்தது. ஆய்வகத்துக்குள் போனால் எல்லோரும் செல்லை லாக்கரில் வைத்துவிடுவார்கள்.

“சம்ரீன்.”

“போயிட்டு வரேன்.”

காவிரிப் பாலத்தில் வண்டிகள் நின்றிருந்தன. அவளுக்கு முன்னால் சத்திரம் பஸ் நிலையம் போகும் டவுன் பஸ். பின்னால் ஒரு கரும்பு லாரி. ஸ்கூட்டரை நுழைக்க இடமில்லை. சிவப்பணுப் பை என்றால் பயமில்லை, என்று தனக்குத் தானே சொல்லிக்கொண்டாள். கொடுப்பதற்கு முன்னால் நோயாளியின் ரத்தத்தோடு கலந்து பார்ப்பார்கள். தப்பாக இருந்தால் அங்கே தெரிந்துவிடும். ரத்தத்திலிருந்து பிரித்து உறையவைக்கும் பிளாஸ்மாவுக்கு அந்தச் சோதனை கிடையாது. அதில் கணக்கும் தலைகீழ்: ஏபி யாருக்கும் சேரும், ஓ மற்ற குரூப்காரர்களின் சிவப்பணுக்களை உடைக்கும். லேபிளைப் பார்த்து எடுப்பார்கள், உருக்குவார்கள், கொடுப்பார்கள்.

பஸ் இரண்டடி நகர்ந்தது.

அண்ணா சிலையைத் தாண்டும்போது பதினொன்று ஐம்பத்தைந்து. சாலை ரோட்டில் திரும்பி, எதிரே வந்தவனிடம் வசவு வாங்கி, உறையூர் போய்ச் சேரும்போது பன்னிரண்டு ஏழு.

ஒரு அறக்கட்டளை நடத்தும் சின்ன ரத்த வங்கி அது. கவுன்டரில் பிரவீன்ராஜ் இருந்தான். டெக்னீஷியன், எப்போதும் வாய் ஓயாதவன்.

“வாங்க வாங்க, சாஃப்ட்வேர்! கூப்பிடாமயே வந்துட்டீங்க. அதிசயம்தான்.”

“டோரதி மேடம் எங்க?”

“உள்ளதான். என்னக்கா, ஓடி வந்த மாதிரி இருக்கு? பிரிண்டர் எல்லாம் சூப்பரா போகுது. நேத்து அறுபத்து மூணு லேபிள். ஒரு தடவகூட நிக்கலையே! எப்பவும் எங்கயாவது மக்கர் பண்ணும்ல?”

“பிரவீன், இனிமே ஒரு பையும் வெளிய போகக் கூடாது.”

“என்னது?”

கவுன்டருக்கு வெளியே ஐஸ் பெட்டியோடு நின்றிருந்தவர் திரும்பிப் பார்த்தார். “ஏங்க, எனக்கு ரெண்டு பை சொல்லி வச்சிருக்கு. தியேட்டர்ல படுக்க வச்சிருக்காங்க எங்க தங்கச்சிய. போகக் கூடாதுன்னா எப்படி?”

சத்தம் கேட்டு டோரதி வெளியே வந்தார். ஐம்பது வயதைத் தாண்டியவர், கையுறை போட்டிருந்தார். சம்ரீன் நின்றபடியே சொன்னாள். நான்கு வாக்கியங்கள். பேக்கேஜின் பெயரை மாற்றியது, பழைய பெயரை எடுத்தது, சரிபார்ப்பு போனது, போனது தெரியாமல் லேபிள் வந்தது.

டோரதி கையுறைகளை ஒவ்வொன்றாகக் கழற்றினார்.

“எப்பலேருந்து?”

“நேத்து மதியம் ஒரு மணி.”

“உனக்கு எப்பத் தெரியும்?”

“அரை மணி நேரம் முன்னாடி.”

“லேபிள் வந்தா ரெண்டும் சரின்னு நீதானேம்மா சொன்ன? இதே இடத்துல நின்னு சொன்ன. முன்னாடியெல்லாம் ரெண்டு சீட்டையும் பக்கத்துல பக்கத்துல வச்சுக் கண்ணால பார்ப்போம். நீ வந்தப்புறம்தான் பாக்கறதையே விட்டோம்.”

“ஆமா மேடம்.”

“யேசுவே.” டோரதி ஐஸ் பெட்டிக்காரர் பக்கம் திரும்பினார். “ஐயா, உங்க ரெண்டு பையையும் நானே கையால மறுபடி பாத்துத் தரேன். பத்து நிமிஷம். உக்காருங்க. பிரவீன், நேத்து சரக்குலேருந்து இன்னைக்கு எத்தனை போச்சு?”

பிரவீன் திரையைப் பார்த்தான். “அஞ்சு மேடம். அஞ்சும் பிளாஸ்மா.”

சம்ரீன் கணினி முன்னால் உட்கார்ந்தாள். முதலில் ஒரு மணி அப்டேட்டை நிறுத்தினாள். பிறகு புதிய பெயரைச் சொல்லிக் கேட்டாள். பைத்தான், ஒரு கோடு, குரூப்செக். விதிப்படி வைத்த பெயர். நான்கு வினாடியில் வந்தது. உள்ளே இருந்தது அவள் எழுதிய அதே நிரல்தான், ஓர் எழுத்து மாறவில்லை.

முகாமில் அடித்த குரூப்புகள் ஒரு கோப்பில் இருந்தன. மெஷின் சொன்ன குரூப்புகள் வேறொரு கோப்பில். இரண்டையும் எடுத்து வரிசையாக ஓடவிட்டாள். ஒத்துப்போகாத இடத்தில் நிற்கும்படி செய்தாள்.

ஒன்று, சரி. இரண்டு, சரி. அவளுக்குப் பின்னால் பிரவீன் நின்றான். அவன் மூச்சு கேட்டது. இருபது, சரி. முப்பது. நாற்பது. நாற்பத்தாறு, சரி.

நாற்பத்தேழில் நின்றது.

கையால் அடித்தது: ஏபி பாசிட்டிவ். மெஷின் சொன்னது: ஓ.

“நாப்பத்தேழு எங்க இருக்கு?” என்று கேட்டாள்.

பிரவீன் எட்டி அடுத்த திரையில் எண்ணைப் போட்டான். “காலைல பத்து நாப்பதுக்குப் போயிருக்கு. பிளாஸ்மா. சத்திரம் பக்கத்துல அந்த நர்சிங் ஹோம், பானுமதி டாக்டருது.”

டோரதி ஏற்கெனவே போன் பக்கம் போயிருந்தார். லேண்ட்லைன் ரிசீவர் சரியாக வைக்கப்படாமல் சாய்ந்திருந்தது. அதைச் சரி செய்து, எண்ணை அழுத்தி, ஸ்பீக்கரில் போட்டார். மணி அடித்தது. அடித்துக்கொண்டே இருந்தது. ஒரு நர்ஸ் எடுத்தாள். டாக்டர் வார்டில் இருக்கிறார் என்றாள்.

“ரத்த வங்கியிலேருந்து டோரதி. ஓடிப் போய்க் கூப்பிடும்மா. ஓடு.”

காத்திருந்தார்கள். போனுக்குள் செருப்புச் சத்தம்.

“சொல்லுங்க டோரதி, பானுமதி பேசறேன்.”

“டாக்டர், காலைல ஏபி பிளாஸ்மா ஒண்ணு அனுப்பினோமே. போட்டாச்சா?”

“இப்பத்தான் ஏறிட்டிருக்கு. டெலிவரி ஆன பொண்ணு, பிளீடிங் நிக்கல. ஏன்?”

“நிறுத்துங்க. அது ஓ குரூப். லேபிள் தப்பு.”

போன் மேஜையில் மோதிய சத்தம். யாரோ யாரையோ கூப்பிட்டார்கள். சம்ரீன் திரையையே பார்த்துக்கொண்டிருந்தாள். நாற்பத்தேழு. அதற்கு அப்பால் அவள் கண் நகரவில்லை.

“நிறுத்தியாச்சு.” டாக்டரின் மூச்சு வாங்கியது. “முப்பது, நாப்பது எம்.எல். போயிருக்கும். எப்படி டோரதி? உங்ககிட்டேருந்து இப்படி வந்ததே இல்லையே. அந்தக் கம்ப்யூட்டர் பாத்துக்கும்னு சொல்வீங்களே?”

டோரதி போனை மேஜைமேல் சம்ரீன் பக்கம் தள்ளினார்.

“டாக்டர், நான் சம்ரீன். அந்த சாஃப்ட்வேர் நான் பண்ணினது. ஒரு பேக்கேஜோட பேரை மாத்தினோம். பழைய பேரை யாரும் கேக்கலன்னு எடுத்துட்டோம். இங்க அதைக் கேட்டுட்டிருந்தது. எனக்குத் தெரிஞ்சிருக்கணும். அது இல்லாமலே லேபிள்…”

“எனக்கு அதெல்லாம் புரியாதும்மா. ஒண்ணு மட்டும் சொல்லு. இந்தப் பை மட்டும்தானா? உங்ககிட்டேருந்து எனக்கு ரெண்டு பிளாஸ்மா வந்திருக்கு. இன்னொண்ணு தட்டுல இருக்கு. அதைப் போடலாமா, கூடாதா? இவளுக்கு இப்பவே வேணும்.”

“இன்னும் பதினாறு பாக்கி. பார்த்துச் சொல்றேன்.”

“எவ்ளோ நேரம்?”

“ஒரு நிமிஷம்.”

“பையில ஐம்பத்திரண்டுன்னு இருக்கு.”

நாற்பத்தெட்டு, சரி. நாற்பத்தொன்பது. ஐம்பது. ஐம்பத்தொன்று. ஐம்பத்திரண்டு: கையால் ஏபி, மெஷினும் ஏபி.

“ஐம்பத்திரண்டு சரி,” என்றாள். போட்டுவிடுங்கள் என்று சொல்ல அவளுக்கு நாக்கு எழவில்லை. நேற்று வரை யாராவது கேட்டிருந்தால் யோசிக்காமல் சொல்லியிருப்பாள்.

டோரதி அவளைப் பார்த்தார். பிறகு எழுந்து, ரத்த மாதிரிகள் இருந்த பெட்டியிலிருந்து ஐம்பத்திரண்டாம் எண் குழாயை எடுத்து, ஸ்லைடில் இரண்டு சொட்டு விட்டு, மருந்தைக் கலந்து, விளக்குக்கு நேரே பிடித்து ஆட்டினார். முழுதாக ஒன்றரை நிமிஷம் ஆனது.

“ஏபிதான் டாக்டர். நானே பார்த்தேன். போடுங்க.”

போன் வைக்கப்பட்டது.

மீதி பதினொன்றும் சரியாக இருந்தன. வெளியே போன ஐந்தில் ஒன்றுதான் தப்பு. டோரதி நாற்பத்தேழாம் குழாயையும் எடுத்துக் கையால் பார்த்தார். ஓ.

“நாப்பத்தாறு ஏபி,” என்றான் பிரவீன்ராஜ். “அதைப் பார்த்து அதையே மறுபடி அடிச்சிருக்கேன். நான்தான் அடிச்சேன் மேடம். என் தப்பு.”

“அறுபத்து மூணு பேருக்கு அடிச்சா ஒண்ணு தப்பாப் போகும்டா. நானும் தப்பா அடிச்சிருக்கேன். அதைப் பிடிக்கத்தானே இவ ஒண்ணு வச்சிருந்தா.”

ஐஸ் பெட்டிக்காரருக்கு இரண்டு பைகளையும் சோதித்துக் கொடுத்து அனுப்பினார்கள். அவர் போகும்போது யாரையும் திரும்பிப் பார்க்கவில்லை.

ஒரு மணிக்கு ஐந்து நிமிஷம் இருக்கும்போது மார்ட்டின் கூப்பிட்டார்.

“ஏத்தியாச்சும்மா. முப்பத்தொம்பதுக்கும் காலி பேக்கேஜ் போட்டுட்டேன். அங்க ஒண்ணும் இல்லல்ல?”

“இருக்கு. ஒண்ணு. ஏறிட்டிருந்துது. நிறுத்தியாச்சு.”

கீழே மருந்துக் கடை வாசலில் யாரோ ஹாரன் அடிப்பது போனில் கேட்டது.

“அந்தப் பொண்ணு?”

“தெரியல. பாத்துட்டிருக்காங்க.”

“காலி டப்பா எதுக்குன்னு கேட்டது நான்தான் சம்ரீன்.”

“எடுத்தது நான். வெள்ளிக்கிழமை வரவங்களுக்கு இன்னைக்கே மெயில் போடுங்க. இங்க நடந்ததை அப்படியே எழுதிப் போடுங்க.”

“அவங்க வரமாட்டாங்க.”

“வராட்டிப் போகட்டும். நம்ம நாப்பத்தொரு லேபுக்கும் போடுங்க. கையால வச்ச புரோகிராம் எங்கெங்க இருக்குன்னு கேளுங்க. நான் இன்னும் எங்க வச்சேன்னு எனக்கே முழுசா ஞாபகம் இல்ல.”

அதற்குப் பிறகு செய்வதற்கு வேலை இல்லை. காத்திருப்பதுதான் வேலை. டோரதி பதினைந்து நிமிஷத்துக்கு ஒரு தடவை நர்சிங் ஹோமுக்குப் போன் செய்தார். லேசான குளிர் இருக்கிறது என்றார்கள். பிறகு குளிர் நின்றுவிட்டது என்றார்கள். பிரவீன் டீ வாங்கி வந்தான். சம்ரீனின் டம்ளரில் ஆடை படிந்தது.

மூன்றரைக்குப் பானுமதி டாக்டரே கூப்பிட்டார். பிரஷர் இறங்காமல் இருக்கிறது. சிறுநீர் தெளிவாக இருக்கிறது. ரத்தப்போக்கு குறைந்திருக்கிறது. நாளைக் காலை வரை விடாமல் பார்க்க வேண்டும், அதற்கு முன்னால் எதையும் சொல்ல முடியாது. குழந்தை ஆண், மூன்று கிலோ.

“சரிங்க டாக்டர்,” என்றார் டோரதி. வைத்துவிட்டுக் கொஞ்ச நேரம் நெற்றியைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தார்.

சம்ரீன் லேபிள் நிரலைத் திறந்தாள். அந்த வரியைத் தேடி எடுத்தாள். அழித்தாள்.

“இனிமே உன் சாமான் அங்க இல்லேன்னா என்ன ஆகும்?” என்று டோரதி கேட்டார்.

“லேபிள் வராது. எதனாலன்னு திரையில சிவப்புல எழுதும்.”

“கவுன்டர்ல கூட்டம் நிக்கும்.”

“நிக்கும்.”

“எங்களைத்தான் திட்டுவாங்க.”

“ஆமா மேடம். என்னைக் கூப்பிடுங்க. ராத்திரி ஆனாலும் வரேன்.”

டோரதி அலமாரியிலிருந்து ஒரு நோட்டை எடுத்துப் போட்டார். தவறு நடந்தால் எழுதும் நோட்டு. “எழுது.”

அவள் மூன்று வரி எழுதினாள். டோரதி வாங்கிப் படித்தார்.

“‘பழைய பெயர் நீக்கப்பட்டது’ன்னு எழுதியிருக்க. தானா நீங்குச்சா?”

சம்ரீன் நோட்டைத் திரும்ப வாங்கி, அந்த வரியை அடித்துவிட்டு, பழைய பெயரை நான் நீக்கினேன் என்று எழுதிக் கையெழுத்துப் போட்டாள்.

“பிரவீன்,” என்றார் டோரதி, புதுக் கையுறைகளை மாட்டிக்கொண்டே. “நேத்து ட்யூப் மொத்தத்தையும் எடு. அறுபத்து மூணையும் கையால பார்த்திடுவோம்.”

“கம்ப்யூட்டர்தான் பாத்துடுச்சே மேடம்?”

“எடுடா.”

“நான் என்ன பண்ணட்டும் மேடம்?” என்றாள் சம்ரீன்.

“உக்காந்து நம்பரைப் படி. மெதுவா. நான் சரின்னு சொல்ற வரைக்கும் அடுத்ததுக்குப் போகாத.”

சம்ரீன் நாற்காலியை இழுத்துப் போட்டுக்கொண்டாள்.

“ஒண்ணு,” என்று படித்தாள்.